அரிசிக்குள் வைத்த போன்

மீமிசல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செல்வராணி மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு நல்ல பெயர்ப்பலகை உண்டு, அதில் விளக்குக்கூட எரியும். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படிப்பதெல்லாம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைத்தான்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதிய சீட்டுகள் அவை. வாட்ஸப்பில் சுற்றும் போன் ரகசியங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்து எழுதி ஒட்டுவது அவள் வழக்கம். பொய் என்றால் சிவப்பு மை, மெய் என்றால் பச்சை மை, கீழே எப்படிச் சோதித்தாள் என்று இரண்டு வரி. ‘இரண்டு போனுக்கு நடுவில் முட்டையை வைத்துப் பேசினால் வெந்துவிடும்: பொய். நாட்டுக்கோழி முட்டை. ஒன்றேகால் மணி நேரம் பேசியும் பச்சையாகவே இருந்தது. ஆம்லேட் போட்டுவிட்டோம்.’ ‘பேட்டரியை ஐஸில் வைத்தால் புதுசாகும்: பொய். மீன் பெட்டியில் வைத்துப் பார்த்தது. மீன் நன்றாக இருந்தது, பேட்டரி செத்தது.’ ‘கம்பெனிக்காரன் ஒளித்து வைத்த பாதி சார்ஜை ரகசிய எண் அழுத்தி எடுக்கலாம்: பொய். ஒரே மாதிரி இரண்டு போன், ஒன்றில் மட்டும் அழுத்தினேன். இரண்டும் பத்து நிமிட வித்தியாசத்தில் அணைந்தன.’

கார் சாவிக்கும் ஒரு சீட்டு உண்டு. திருமயம் பக்கத்து ஆதப்பன் செட்டியார் கடலைப் பார்க்க வந்த இடத்தில் சாவியை உள்ளே வைத்துக் காரைப் பூட்டிக்கொண்டார். வீட்டில் இருக்கும் இன்னொரு ரிமோட்டைப் போனுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினால் இங்கே கதவு திறக்கும் என்று யாரோ சொல்ல, சென்னை வீட்டிலிருந்து அவர் மனைவி அமுக்கினார். இங்கே இவர் போனைக் கதவோடு அணைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றார். பெற்ற பிள்ளையை அப்படி அணைத்திருப்பாரா தெரியாது. கடைசியில் கதவைத் திறந்தது அறந்தாங்கி மெக்கானிக். செல்வராணி அன்றே சிவப்பு மையில் எழுதிவிட்டாள், அவர் பெயரை மட்டும் போடவில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது ஒரு கோபத்தில். கல்லூரியில் படிக்கும் சுபா என்ற பெண் ஒருநாள் அழுதுகொண்டே கடைக்கு வந்தாள். போனின் வேகம் இரட்டிப்பாகும் என்று வந்த ஒரு ரகசிய எண்ணை அழுத்தியிருக்கிறாள். போன் வேகமாகத்தான் ஆகியிருந்தது; உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் எந்தப் போனும் வேகமாகத்தான் ஓடும். இரண்டு வருடத்துப் படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் அழிந்து போயிருந்தன. “அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் போட்டுப் பாக்க மாட்டானுங்களா?” என்று செல்வராணி அன்று போட்ட சத்தம் எதிர்ப்பக்கம் டீக்கடை வரை கேட்டது. மறுநாள் முதல் சீட்டு ஒட்டினாள்.

அவளுடைய பிறந்த ஊர் அரிமளம் பக்கம். கடலைக்காடும் கண்மாயுமான ஊர். புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. படித்து முடித்ததும் ரெங்கராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மீன் ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர், நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். கடலோரத்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியும் செல்வராணிக்குக் கடல் ஒரு தூரத்துச் சொந்தம் மாதிரிதான்; நல்லது கெட்டதுக்கு எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் கடை பிடித்துப்போயிற்று. அவள் கையெழுத்தை ஊர் நம்பியது. “ராணி கடைக் கண்ணாடியில போட்டிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது பலர் ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். அதில் அவளுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் அதுவும் சிவப்பு மையில் எழுத வேண்டிய பொய்தான்.

கண்ணாடியின் வலது மேல் மூலையில் இரண்டு வருடமாக ஒரு பச்சை மைச் சீட்டு இருந்தது. ‘நனைந்த போனை நாலு நாள் அரிசிக்குள் வைத்தால் சரியாகும்: மெய். மூன்றுக்கு இரண்டு பிழைத்தது.’ அது அவள் நேர்மையாகச் சோதித்ததுதான். அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று பழைய போன்களைத் தண்ணீரில் முக்கி, அரிசிப் பானைக்குள் புதைத்து, நாலாம் நாள் எடுத்துப் பார்த்தாள். இரண்டில் விளக்கு எரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் எழுதிய சீட்டு.

போன சித்திரையில் ஒரு நாள் காலை ஆத்மநாதன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சொந்தமாகச் சின்ன நாட்டுப்படகு வைத்துத் தூண்டில் போடுகிறவர். ஒரு துணிப்பையிலிருந்து போனை எடுத்து, அதில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியைத் தட்டிவிட்டு, மேசைமேல் வைத்தார்.

“படகைத் தள்ளும்போது சட்டைப் பையிலேர்ந்து விழுந்துருச்சு தங்கச்சி. இடுப்பளவுத் தண்ணிதான். ரெண்டு நிமிஷத்துல துழாவி எடுத்துட்டேன். நீங்க எழுதிப் போட்டிருக்கிறபடியே நாலு நாளு அரிசிக்குள்ள வச்சிருந்தேன். தொடவே இல்ல. இன்னிக்கி எடுத்துப் போட்டா வரமாட்டேங்குது.”

“உள்ள என்னண்ணே இருக்கு? போட்டோவா?”

ஆத்மநாதன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எல்லாக் கல்லும் அதுலதான் இருக்கு.”

செல்வராணிக்கு அது தெரியும். கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தில்தான் விளமீன் நிற்கும், கொடுவா நிற்கும். மேலேயிருந்து பார்த்தால் எங்கும் ஒரே தண்ணீர். தற்செயலாக ஒரு கல் அகப்பட்டால் ஆத்மநாதன் அந்த இடத்தைப் போனில் குறித்து வைத்துக்கொள்வார். ஆறு வருடமாக அப்படிச் சேர்த்தது நாற்பத்தொன்று. தூண்டில்காரர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு: தான் கண்ட கல்லைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்ல மாட்டார்கள், கட்டிய மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாள் அங்கே பத்துப் படகு நிற்கும். போன வருடம் திரை மாற்ற வந்தபோது, “இதை ஒரு காப்பி எடுத்து வச்சிரவாண்ணே?” என்று அவளே கேட்டிருக்கிறாள். அவர் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, “வேணாம், வேணாம். கல்லு ரெண்டு எடத்துல இருந்தா அது ஊர்க்கல்லு ஆயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவர் வேறொன்றும் கேட்டார். “தங்கச்சி, ஒரு சந்தேகம். வீட்டுல புழுங்கலரிசிதான் இருந்துச்சு. ரேசன் அரிசி. நீங்க எழுதுனதுல எந்த அரிசின்னு போடலை. பச்சரிசி போட்டிருக்கணுமோ?”

செல்வராணி போனின் பின்மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே சர்க்யூட் பலகை முழுவதும் பச்சைப்பச்சையாகப் பூத்திருந்தது, மழைக்காலத்துச் செம்புப் பாத்திரம் மாதிரி. உப்பு. அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா வீட்டில் அவள் போனை முக்கியது கிணற்றுத் தண்ணீரில். தண்ணீர் காய்ந்தால் போன் பிழைக்கும். கடல் தண்ணீர் காய்ந்தால் தண்ணீர் மட்டும்தான் போகும். உப்பு உள்ளேயே உட்கார்ந்து நாலு நாளும் தின்றுகொண்டே இருக்கும். கடலோரத்தில் கடை வைத்துக்கொண்டு, கடலில் போகிறவர்கள் படிக்கிற கண்ணாடியில், கிணற்றுத் தண்ணீர்க் கணக்கை எழுதி ஒட்டியிருக்கிறாள். எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை போடவில்லை. தண்ணீர் என்றால் அவளுக்குக் கிணறுதான்.

“பச்சரிசியா இருக்குமோ?” என்று ஆத்மநாதன் மறுபடியும் கேட்டார்.

“பாக்குறேண்ணே. வச்சிட்டுப் போங்க” என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் போனபிறகு வெகுநேரம் அவளால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு மத்தியானமே வாட்டர் கேனை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். மேசை இழுப்பறையில் கிடந்த பழைய பட்டன் போன்களில் நல்ல நிலையில் இருந்த நாலைத் தேர்ந்தெடுத்து, திரையில் விளக்கு எரியும்போதே கடல் தண்ணீரில் முக்கி, பேட்டரியைக் கழற்றினாள். ஒன்று புழுங்கலரிசியில். ஒன்று பச்சரிசியில். ஒன்று வெறும் ஃபேன் காற்றில். நாலாவதை மட்டும் குடிதண்ணீரில் நன்றாக அலசி, உதறி, அதே ஃபேன் காற்றில் வைத்தாள். நாலு நாள் கழித்து முதல் மூன்றும் பிணம். அலசியது மட்டும் எழுந்து உட்கார்ந்தது. ஒரு தடவை நடந்ததை வைத்துச் சொல்லக் கூடாது என்று இன்னொரு நாலை எடுத்து மறுபடியும் செய்தாள். அதே கதைதான். இந்தத் தடவை பிழைத்ததன் ஸ்பீக்கர் மட்டும் கொஞ்சம் கரகரத்தது.

பச்சரிசிக்கும் புழுங்கலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. விழுந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டு வந்திருந்தால் ஆத்மநாதனின் போனைக் காப்பாற்றியிருக்கலாம். நனைந்த போனை மறுபடியும் நனைக்கச் சொல்லி எவன் வாட்ஸப்பில் அனுப்புவான்? ஆனால் அவள் கண்ணாடியில் சொல்லியிருக்க முடியும்.

அந்தப் போனோடு அவள் மல்லுக்கட்டியதைச் சொல்லி மாளாது. ஸ்பிரிட் ஊற்றிக் கழுவினாள், பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் பிரஷ்ஷால் சிப்புகளின் ஒவ்வொரு காலாகத் துடைத்தாள், அறுந்த இடங்களில் முடி மாதிரி கம்பி வைத்துப் பற்றவைத்தாள். ஒருமுறை திரையில் கம்பெனிப் படம் வந்து அணைந்தது. அந்த ஒரு நொடிக்கு அவள் சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டாள். பிறகு அதுவும் வரவில்லை. திருச்சியில் தெரிந்த பெரிய சர்வீஸ்காரருக்கு பஸ்ஸில் பார்சல் போட்டாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. உள்ளே இருக்கும் சிப்பையே உப்பு தின்றுவிட்டதாம், இனி யாராலும் ஆகாதாம்.

வீட்டில் மனைவியிடம் இருந்த சின்னப் போனுக்குக் கூப்பிட்டு ஆத்மநாதனிடம், “வரலண்ணே” என்று மட்டும் சொன்னாள். “சரி தங்கச்சி. நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார். அந்த வார்த்தை அவளைச் சுட்டது. ஆனாலும் வாய் வரவில்லை. கண்ணாடியிலிருந்த பச்சைச் சீட்டை மட்டும் யாரும் பார்க்காதபோது உரித்து எடுத்தாள். அதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஊரில் யாருக்குத் தெரியப் போகிறது? பெரிய பொய்களையெல்லாம் நடுத்தெருவில் வைத்து உரித்தவளுக்குத் தன்னுடைய சின்னத் தப்பை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளத் தோன்றியது. யானைக்கும் அடி சறுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யானை சறுக்கினால் கீழே யார் நசுங்குகிறார்கள் என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

நசுங்கியது யார் என்று நாலு நாளில் தெரிந்தது. ஆத்மநாதனின் மனைவி முனியாயி தன் சின்னப் போனுக்கு ரீசார்ஜ் பண்ண வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. “அண்ணன் எப்படி இருக்காங்க?” என்று செல்வராணி கேட்டதுதான் தாமதம், அவள் கண் கலங்கிவிட்டது.

“என் மூஞ்சியப் பாத்துப் பேசி மூணு வாரமாச்சு ஆத்தா. பச்சரிசி ஒரு படி வாங்கி வைக்கத் துப்பில்லாத வீடுன்னு திட்டுறாக. நானும் பக்கத்து வீட்டுல கேட்டிருக்கலாம். எனக்குத் தோணல. ரேசன் அரிசிதானே கெடந்துச்சு, அதுல போட்டு வச்சேன். நாலு நாளும் அந்தப் பானையத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் படுத்தேன். அத்தனை கல்லும் என்னாலதான் போச்சு.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தெனமும் போறாக. நாளெல்லாம் தேடிட்டு வெறும் பெட்டியோட வாராக. பாக்க முடியல.”

செல்வராணி செய்த தப்பை ஒரு பாவமும் அறியாத பொம்பளை மூன்று வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். அதைச் சுமக்கவிட்டது தன்னுடைய ‘பாக்குறேண்ணே’ என்ற ஒற்றை வார்த்தை. வெட்கமாக இருந்தது, அதைவிடத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. கடை ஷட்டரை இறக்கினாள்.

“வாங்கக்கா, அண்ணனைப் பாக்கணும்.”

ஆத்மநாதன் அப்போதுதான் கரையேறிப் படகின் ஓரத்தில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். செல்வராணி மணலில் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

“அண்ணே, அரிசியில ஒரு குத்தமும் இல்ல. பச்சரிசி போட்டிருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும். நான் கெணத்துத் தண்ணியில பாத்துட்டு எழுதுனேன். கடல் தண்ணியில பாக்கவே இல்ல. இப்பத்தான் எட்டுப் போன் வச்சுப் பாத்தேன். அன்னிக்கே நல்ல தண்ணியில அலசியிருந்தா பொழைச்சிருக்கும். என் சீட்டை நம்பித்தான் போச்சு. நீங்க பச்சரிசியான்னு கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. பயந்துக்கிட்டுச் சொல்லல. அக்காவைத் திட்டாதீங்க.”

ஆத்மநாதன் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார். முதலில் அவர் பார்த்தது செல்வராணியை அல்ல, முனியாயியை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“எல்லாத்துக்கும் பேரு வச்சிருந்தேன் தங்கச்சி” என்றார் மெதுவாக. “காதுகுத்துக் கல்லுன்னு ஒண்ணு. மக காதுகுத்து அன்னிக்கி சாயங்காலம் கெடைச்சது. இவளோட சண்டை போட்டுட்டுப் போன அன்னிக்கி ஒண்ணு, அது கோவக் கல்லு. நாப்பத்தொண்ணு.” திடீரென்று குரல் ஏறியது. “ஊரே ஒங்க கண்ணாடியப் பாத்துத்தானே நடக்குது? எந்தத் தண்ணின்னு ஒரு வார்த்தை போட ஒங்களுக்கு மை இல்லாமப் போச்சா?”

“இப்பப் போங்க” என்றார் அவர். போனாள்.

கடைக்குத் திரும்பி ஒரு காலண்டர் தாளை எடுத்தாள். சிவப்பு மை. ‘நனைந்த போனை அரிசிக்குள் வைப்பது: நான் மெய் என்று எழுதியது தப்பு. நான் சோதித்தது கிணற்றுத் தண்ணீரில். கடல் தண்ணீரில் விழுந்தால் உடனே பேட்டரியை எடுங்கள், முடியாவிட்டால் அணையுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, அன்றைக்கே கொண்டுவாருங்கள். என் சீட்டை நம்பி ஒருவருக்குப் பெரிய நஷ்டம் வந்துவிட்டது. இப்படிக்கு, செல்வராணி.’ வலது மேல் மூலையில், பழைய சீட்டு இருந்த அதே இடத்தில் ஒட்டினாள்.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்த ரெங்கராஜ் அதை இரண்டு தடவை படித்தார். “ஒன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்குற” என்றார். “போட்டுக்கிறேன்” என்றாள். அவர் சீட்டின் ஓரம் பெயர்ந்திருந்த இடத்தில் இன்னொரு துண்டு டேப்பை எடுத்து ஒட்டிவிட்டு உள்ளே போனார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. “ராணிக்கா, முட்டை மெய்யாவே வேகலையா, இல்ல அதுவும் கெணத்து முட்டையா?” என்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் கேட்டார்கள். கொஞ்ச நாள் வேலையும் குறைந்தது. அவள் கண்ணாடியிலிருந்த சீட்டுகளையெல்லாம் ஒருமுறை உரித்து, ஒவ்வொன்றின் கீழும் மூன்றாவதாக ஒரு வரி சேர்த்து ஒட்டினாள்: ‘நான் பார்க்காதது’ என்று. முட்டைக்குக் கீழே, ‘மூன்று போன் வைத்துப் பார்க்கவில்லை.’ அதற்கும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆடி மாதத்துக்குள் நாலைந்து படகுகளில் குடிதண்ணீர்க் கேனோடு இன்னொரு பாட்டில் தண்ணீரும் போக ஆரம்பித்தது. போனுக்கு என்று சொல்லிக்கொண்டார்கள். ஆத்மநாதன் மட்டும் கடைப்பக்கம் வரவேயில்லை. எதிர்ப்பக்கம் டீ குடிப்பார், பஸ் ஏறுவார், இந்தப் பக்கம் திரும்ப மாட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்டிருந்த நேரம், அவர் ரோட்டைக் கடந்து வந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தச் சிவப்புச் சீட்டை முழுவதும் படித்தார். வெயிலில் மை வெளுத்திருந்தது. பிறகு உள்ளே வந்து ஒரு புதுப் போனை மேசைமேல் வைத்தார்.

“காப்பி எடுக்கணும்னு சொன்னீங்களே. எடுத்து வைங்க.”

செல்வராணி போனைத் தொடவில்லை. “எனக்குத் தெரிஞ்சு போயிருமே அண்ணே. கல்லு ரெண்டு எடத்துல இருந்தா ஊர்க்கல்லுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“சொன்னேன்.” அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “யாருக்கும் தெரியாம மறைச்சிருக்கக்கூடிய ஒரு தப்பைத் தானாப் போயி எழுதி ஒட்டுன ஆளு நீங்க. அப்படிப்பட்டவுககிட்ட ஒண்ணை நம்பிக் குடுத்தா அது வெளிய போகாது. அதான்.” போனை அவள் பக்கம் நகர்த்தி, “தேடுனதுல ஒம்போதுதான் கெடைச்சிருக்கு. கோவம் எனக்கு இன்னும் போகல, அதையும் சொல்லிப்புடுறேன்” என்றார்.

“போக வேணாம்ணே” என்றாள் அவள்.

போனைத் திறந்தாள். வரைபடத்தில் வெறும் நீலத்தின் நடுவே ஒன்பது புள்ளிகள். ஒவ்வொன்றாக மெமரி கார்டில் ஏற்றினாள். அவர் பக்கத்தில் இருந்து பெயரைச் சொல்லச் சொல்ல, சரிபார்த்துக்கொண்டே வந்தாள். காதுகுத்துக் கல்லு கிடைத்திருந்தது. கோவக் கல்லு கிடைத்திருந்தது. எட்டு முடிந்தது. ஒன்பதாவதற்கு அவர் பெயர் சொல்லாமல் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது புதுசு. பழசைத் தேடுறப்ப கெடைச்சது” என்றார். “நீங்களே படிச்சுக்குங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். கரையிலிருந்து வெகுதூரத்தில், ஒரு தூண்டில்காரர் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில், ‘புழுங்கலரிசி’ என்று எழுதியிருந்தது.